வீட்டுக்காரர் பிடித்து வைத்த டெபாசிட்டும் எங்கள் ஊர் பரங்காயும்

முதல் வீட்டைக் காலி செய்து மூன்று மாதம் ஆகியும் வீட்டுக்காரர் டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை. மாத வாடகை 9,000 பெசோ, டெபாசிட் இரண்டு மாத வாடகை, ஆக 18,000. சுவரில் ஆணி அடித்திருக்கிறீர்கள், குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, பெயின்ட் அடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். கடைசியில் போனையே எடுக்கவில்லை. வந்த இடத்தில் வம்பு எதற்கு, வக்கீல் வைத்தால் அவருக்குக் கொடுக்கவே அந்தப் பணம் சரியாகிவிடும், போனால் போகட்டும் என்று விட்டுவிடத்தான் இருந்தோம்.

இது நடந்தது பிலிப்பைன்ஸில், லகூனா மாகாணத்து லாஸ் பான்யோஸில். அங்கே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் என் கணவருக்கு வேலை. ஐஆர்8 நெல் ரகம் பிறந்த இடம் என்றால் நம் ஊரில் நெல் விதைத்தவர்களுக்குத் தெரியும். 2015 முதல் 2022 வரை ஏழு வருடம் இருந்தோம்.

புது வீட்டுக்கு எதிரே ஒரு சாரிசாரி கடை. முட்டை, சோப்பு, ஷாம்பு பாக்கெட் எல்லாம் கிடைக்கும், நம் ஊர்ப் பெட்டிக்கடைதான். கடைக்காரப் பெண்மணியை எல்லோரும் ‘ஆத்தே’ என்று கூப்பிடுவார்கள். அக்கா என்று பொருள். என் காதில் அது எப்போதும் ‘ஆத்தா’ என்றே விழும். அவரிடம் ஒருநாள் இந்தக் கதையைச் சொல்லிப் புலம்பினேன். முழுதாகக் கேட்டுவிட்டு ஒரே சொல்தான் சொன்னார்: “பரங்காய்.”

ஊரிலிருந்த என் மாமியாரிடம் இதைப் போனில் சொன்னபோது, “பரங்கிக்காயா? அதுக்கும் டெபாசிட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்று கேட்டார். அவரே பின்னால் அந்தச் சொல்லைச் சுத்தமாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டார். அந்தக் கதை பிறகு.

பரங்காய் என்பது அந்த நாட்டு உள்ளாட்சியின் கடைசிப் படி. மாகாணம், நகரம் அல்லது பேரூர், அதற்கும் கீழே பரங்காய். நாடு முழுக்க சுமார் 42,000 இருக்கின்றன. கிராமம் என்று மொழிபெயர்த்தால் பாதிதான் சரி. ஏனென்றால் நெருக்கமான நகரங்களுக்குள்ளும் தெருவுக்குத் தெரு பரங்காய் உண்டு. மணிலா நகரத்தில் மட்டும் ஏறத்தாழ 900, பெரும்பாலும் எண்களால் அறியப்படுபவை. லாஸ் பான்யோஸில் மொத்தம் 14. சட்டப்படி புதிதாக ஒன்றை அமைக்க 2,000 பேர் இருந்தால் போதும், பெருநகரங்களில் 5,000 பேர். ஆனால் கலோகான் நகரத்தின் 176-ஆம் பரங்காய் ஒன்றில் மட்டும் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். 2024-ல் வாக்கெடுப்பு நடத்தி அதை ஆறாகப் பிரித்தார்கள்.

அந்தப் பெயரே ‘பாலங்காய்’ என்ற படகிலிருந்து வந்தது. ஒரே படகில் வந்து இறங்கிய சொந்தபந்தங்கள், அவர்களுக்கு ஒரு ‘தாத்து’, அதாவது தலைவர். அந்தக் குடியிருப்பே பரங்காய் ஆனது என்று 1589-லேயே பிளாசென்சியா என்ற ஸ்பானியப் பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். 1976-ல் மிண்டனாவோ தீவின் பூத்துவான் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து அந்த வகைப் பழைய மரப்படகுகள் கிடைத்தன. ஸ்பானியர் காலத்தில் வழக்குக்கு வந்த ‘பாரியோ’ என்ற பெயர் போய், 1974-ல் அன்றைய அதிபர் மார்கோஸின் ஆணையால் பரங்காய் என்ற பெயர் திரும்ப வந்தது. இன்றைய அதிகாரமெல்லாம் 1991-ன் உள்ளாட்சிச் சட்டம் கொடுத்தது.

சரி, டெபாசிட்டுக்கு வருகிறேன். மறுநாளே நான் மட்டும் புது வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பரங்காய் ஹாலுக்குப் போனேன். செக்ரட்டரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இங்கே இல்லை” என்றார். இரண்டு பேரும் ஒரே ஊருக்குள் வெவ்வேறு பரங்காயில் இருந்தால், யார்மீது புகாரோ அவர் குடியிருக்கும் பரங்காயில்தான் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் பழைய வீட்டை ஒட்டியே குடியிருந்தார். ஆகவே பழைய பரங்காய்க்குப் போனேன். அங்கே இரண்டாவது பாடம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து என் கணவருடையது. சமரசத்துக்குச் சம்பந்தப்பட்டவரே நேரில் வர வேண்டும், மனைவியானாலும் பதிலுக்கு வரமுடியாது என்றார்கள். இதற்கே இரண்டு நாள் போயிற்று. நீங்கள் போகும்போது இந்த இரண்டையும் முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாம் வெளிநாட்டவர் என்பது மட்டும் எங்கேயும் தடையாக இல்லை. அந்த ஊரில் குடியிருக்கிறோமா என்பதைத்தான் பார்த்தார்கள்.

கணவர் வந்து ஒரு பக்கப் படிவத்தில் புகாரை எழுதிக் கொடுத்தார். சின்னத் தொகை கட்டணம். அடுத்த வேலை நாளே வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போய்விட்டது. அதைக் கொண்டுபோனவர் பரங்காயின் ‘தானோத்’, அதாவது ஊர்க்காவல் தொண்டர். அதுவரை போனை எடுக்காத மனிதர் அன்று மாலையே எங்களைக் கூப்பிட்டார்.

எனக்கு ஒரு பயம் இருந்தது. வீட்டுக்காரரும் பரங்காய்த் தலைவரும் சம்பந்தி முறை போன்ற உறவு என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒருவர் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு இன்னொருவர் ஞானத்தந்தையாக நின்றிருக்கிறார். அங்கே அது லேசான உறவு அல்ல. குறித்த நாளில் ஹாலுக்குப் போனோம். எந்த ஊர் பரங்காய் ஹாலுக்குப் போனாலும் பக்கத்தில் கூரை போட்ட ஒரு பாஸ்கெட்பால் மைதானம் அனேகமாக இருக்கும். பந்து தட்டும் சத்தம், பையன்கள் கூச்சல். அதற்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் மேசை, எல்லோருக்கும் காபி. தலைவரை எல்லோரும் ‘காப்’ என்கிறார்கள், கேப்டனின் சுருக்கம். அவர் உட்கார்ந்ததும் முதலில் சொன்னது இது: “இவர் எனக்கு வேண்டியவர். அது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் சொல்லுங்கள். நான் முயற்சி செய்து ஆகவில்லை என்றாலும் மூன்று பேர் குழு இருக்கிறது.”

அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு பரங்காயிலும் ‘லூப்போன்’ என்று ஒரு சமரச மன்றம். ஊரில் நல்ல பெயர் உள்ளவர்கள் 10 முதல் 20 பேர், தலைமை காப். முதலில் அவரே பேசிப் பார்ப்பார், அதற்கு 15 நாள். முடியாவிட்டால் லூப்போனிலிருந்து இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் மூன்று பேர் பேசுவார்கள், அதற்கு இன்னொரு 15 நாள், தேவைப்பட்டால் மேலும் 15. எதுவும் ஆகவில்லை என்றால் ஒரு சான்று எழுதித் தருவார்கள். அந்தச் சான்று இல்லாமல் இந்த மாதிரி வழக்கைக் கோர்ட் ஏற்காது. வக்கீல்களுக்கு இந்த மேசையில் இடமே இல்லை. இதை அறியாமல் வக்கீலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்த ஒரு மாணவனை எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் குழாய்க்கும் பெயின்டுக்குமாக 7,000 பெசோ கேட்டார். எங்களிடம் வாடகை கட்டிய ரசீது எல்லாம் இருந்தது, குடிபோன நாளில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அன்று நான் மிகவும் வருந்தியது அதற்குத்தான். வீட்டுக்குள் முதல் பெட்டியை வைப்பதற்கு முன் சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள். தேதியோடு சாட்சி ஆகிவிடும். எங்களுக்கு அந்தச் சாட்சி இல்லாத குறையை அருகாமை தீர்த்தது. அந்த வீடு ஹாலிலிருந்து ஐந்து நிமிட நடை. ஒரு ‘ககாவாத்’, அதாவது பரங்காய் மன்ற உறுப்பினர், ஒரு தானோத்தைக் கூட்டிக்கொண்டு நேரே போய்ப் பார்த்துவிட்டு அரை மணியில் வந்தார். குழாய் பழசு, அது இவர்களால் ஆனதல்ல. ஆணி ஓட்டைகள் உண்மை. முடிந்தது. 2,500 கழித்து 15,500 பெசோ, இரண்டு தவணையில்.

ஒப்பந்தத்தை டகாலாக் மொழியில் எழுதினார்கள். நான் நாலு சொல்தான் புரிந்துகொள்ளும் நிலையில் இருந்தேன். தயங்கித் தயங்கி, எங்களுக்குப் புரிகிற மொழியில் வேண்டும் என்று கேட்டோம். செக்ரட்டரி முகம் சுளிக்கவே இல்லை. இரு தரப்புக்கும் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும் என்பது சட்டமே என்று சொல்லி ஆங்கிலத்திலும் எழுதித் தந்தார். கூச்சப்படாமல் கேளுங்கள். ஏனென்றால் பத்து நாள் கழித்து அந்தத் தாளுக்குக் கோர்ட் தீர்ப்பின் பலம் வந்துவிடும். மிரட்டியோ ஏமாற்றியோ கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தப் பத்து நாளுக்குள் போய் மறுக்க வேண்டும்.

முதல் தவணை வந்தது. இரண்டாவது வரவில்லை. கணவர் மறுபடி போன் போடத் தொடங்கினார். எதிர்க்கடை ஆத்தேதான் தடுத்தார்: “நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்? ஹாலுக்குப் போங்கள்.” ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்குள் லூப்போனே நிறைவேற்றி வைக்கலாம், அதற்குப் பிறகென்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். செக்ரட்டரி ஒரு துண்டுச் சீட்டு எழுதி அனுப்பினார். அந்த வாரமே பணம் வந்தது. அதன்பிறகு சந்தையில் அந்த வீட்டுக்காரரைப் பார்த்தால் இரண்டு பக்கமும் சிரித்துப் பேசிக்கொள்வோம். கோர்ட்டுக்குப் போயிருந்தால் அந்தச் சிரிப்பு மிஞ்சியிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தச் சமரசம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றங்கள் அங்கே வராது. வீட்டுக்குள் பெண்ணை அடிப்பது, மிரட்டுவது என்றால் சமரசம் பேசவே கூடாது. 2004-ன் சட்டம் அதை வெளிப்படையாகத் தடுக்கிறது. அப்படி வந்து நிற்கும் பெண்ணுக்குக் காப் அன்றே ஒரு பாதுகாப்பு ஆணை எழுதித் தர வேண்டும், அது 15 நாள் செல்லும். அதற்குள் கோர்ட்டில் நீண்டகால ஆணைக்குப் போகலாம். இதை எனக்கு விளக்கியவர் எங்கள் பரங்காயில் பெண்களுக்கான மேசையைக் கவனித்த ஒரு ககாவாத். “‘குடும்பம்தானே, பேசி முடியுங்கள்’ என்று யாராவது சொன்னால் நம்பாதே. அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை” என்றார். கல்யாணம் ஆகியோ கூடி வாழ்ந்தோ அங்கே இருக்கும் நம் பெண்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்றாட வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வங்கிக் கணக்கு, வேலை, இன்டர்நெட் இணைப்பு என்று எதற்கும் குடியிருப்புச் சான்றோ, நம்மீது புகார் இல்லை என்ற ‘கிளியரன்ஸோ’ கேட்பார்கள். இரண்டும் பரங்காயில் கிடைக்கும். பாஸ்போர்ட் நகல், வாடகை ஒப்பந்தம், கொஞ்சம் சில்லறை எடுத்துப் போங்கள். எதற்கு எவ்வளவு கட்டணம், எத்தனை நேரம் என்று சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கும். அதைப் படித்துவிட்டு வரிசையில் நில்லுங்கள். கூடவே ‘செடுலா’ என்ற சிறு வரி ரசீதும் தேவைப்படலாம். பேசும்போது வாக்கியத்தில் ஒரு ‘போ’ சேர்த்துவிடுங்கள். நம் ‘ங்க’ மாதிரி மரியாதைச் சொல். அது ஒன்றே பல முகங்களை மலர வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

2020 ஜனவரியில் என் மாமியார் எங்களைப் பார்க்க வந்தார். மூன்று மாத விசா. மார்ச் 17-ஆம் தேதி நாங்கள் இருந்த லூசோன் தீவு முழுக்க கொரோனா ஊரடங்கு. அத்தை எங்களோடு மாட்டிக்கொண்டார். வீட்டுக்கு ஒரு பாஸ்தான், அதைப் பரங்காய்தான் கொடுத்தது. பாஸ் உள்ளவர் மட்டும் கடைக்குப் போகலாம். அறுபது தாண்டியவர்கள் வெளியே வரவே கூடாது. பாஸ் கொடுக்க வந்த சுகாதாரத் தொண்டர், வீட்டில் யார் யார் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார். அத்தையின் பெயர், 71 வயது, ரத்த அழுத்தம், மூட்டுவலி, மாடிப்படி ஏற முடியாது என்பதுவரை. எதற்கு இவ்வளவு என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பெண்மணி வாரம் ஒருமுறை வாசலுக்கு வந்து அத்தைக்கு ரத்த அழுத்தம் பார்ப்பார். அவருக்குச் சம்பளம் கிடையாது, ஏதோ சிறு ஊக்கத்தொகை. ஊர்த் தலைவருக்கே சட்டம் சொல்லும் குறைந்தபட்ச மதிப்பூதியம் மாதம் 1,000 பெசோதான், உறுப்பினருக்கு 600. வசதியான பரங்காய்களில் கூடுதலாகக் கிடைக்கும். அரிசி, மத்தி மீன் டின், நூடுல்ஸ் போட்ட பையை எங்கள் வாசலிலும் வைத்தார்கள். வேண்டாம் என்றோம். “வீட்டுக்கு ஒன்று, அவ்வளவுதான்” என்று வைத்துவிட்டுப் போனார்கள். அதை எதிர் வீட்டுக்குக் கொடுத்தோம்.

நவம்பர் 11, யூலிசஸ் புயல். எங்கள் தெரு லகூனா ஏரியை நோக்கி இறங்குகிற தெரு. இரவில் மழை பிடித்துக்கொண்டது, மின்சாரம் போயிற்று, வாசலில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டும் சத்தம். மழைக்கோட்டோடு இரண்டு தானோத்கள், பைக்கோடு பக்கவண்டி பூட்டிய ஒரு டிரைசைக்கிள். “லோலா எங்கே போ?” என்று கேட்டார்கள். லோலா என்றால் பாட்டி. பதிவேட்டைப் பார்த்து, நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீடுகளுக்கு முதலில் வந்திருக்கிறார்கள். அத்தையைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தது இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன். நான் சமரசத்துக்குப் போன நாளில் பார்த்த மைதானம் போலவே ஒரு மைதானம், மேட்டில் இருந்தது. அங்கே பாய், சூடான அரிசிக் கஞ்சி. அத்தை இரண்டு இரவு அங்கே இருந்தார். மொழி தெரியாமலே நாலு பாட்டிகளோடு சிநேகம் ஆகிவிட்டார். பரங்காய்கள் தங்கள் வருமானத்தில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் பேரிடருக்கென்று ஒதுக்க வேண்டும் என்பது 2010-ன் சட்டம். அந்தக் கஞ்சிக்கும் பாய்க்கும் பின்னால் இருந்தது அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பரங்கிக்காய் என்று சொன்ன அத்தை, ஊருக்குத் திரும்பியதும் பரங்காய் பரங்காய் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது முழு உண்மையாகாது. அதே ஊரடங்கில் அரசு கொடுத்த உதவித்தொகை, எங்கள் பகுதியில் குடும்பத்துக்கு 6,500 பெசோ, அதன் பட்டியல் பரங்காய் வழியாகப் போனது. நாட்டின் பல இடங்களில் அதில் புகார்கள் வந்தன, சில பரங்காய் அதிகாரிகள்மீது வழக்கும் போட்டார்கள். எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் மீன் உருண்டை விற்ற ஒருவர் பெயர் முதல் பட்டியலில் இல்லை. வாடகைக்கு அடிக்கடி வீடு மாற்றுகிறவர், அதனால் பதிவேட்டில் இல்லை. காப்பைத் தட்டிக் கேட்க அவருக்குத் துணிவும் இல்லை. நாளைக்குக் கிளியரன்ஸுக்கு அவரிடம்தானே போக வேண்டும். அருகில் இருக்கும் அதிகாரத்தின் கனம் இதுதான். 2025 வரை சட்டப்படி மூன்று வருடத்துக்கு ஒரு தேர்தல். ஆனால் 2013-க்குப் பிறகு 2018-ல்தான் நடந்தது, அடுத்தது 2023 அக்டோபர் 30-ல். தள்ளித் தள்ளிப் போட்டதில் ஒரே காப் வருடக்கணக்கில் நாற்காலியில் இருந்தார். இது எனக்கு இன்றும் உறுத்தல்தான். மக்களுக்கு மிக அருகில் இருக்கும் தேர்தலைத்தான் முதலில் தள்ளிப்போடத் தோன்றுகிறது மேலே ஆட்சியில் இருப்பவர்களுக்கு.

பரங்காய்தோறும் இருக்கும் இளைஞர் மன்றத்தில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2016-ன் சீர்திருத்தச் சட்டப்படி, 18 முதல் 24 வயதுவரை உள்ளவர்கள்தான் நிற்கலாம், பதவியில் இருப்பவர்களின் நெருங்கிய உறவினர் நிற்கக் கூடாது. பரங்காயின் பொது நிதியில் 10 சதவீதம் அவர்களுக்கு. தலைவராக வருபவருக்குப் பெரியவர்களின் மன்றத்திலும் ஓர் இருக்கை உண்டு.

வருடத்துக்கு இரண்டு முறையாவது ஊர்க்கூட்டம் நடக்கும், நம் கிராமசபை போல. குடிமக்களுக்குத்தான் அதில் இடம். நாங்கள் பின்னால் நின்று கேட்போம். யாரும் போகச் சொன்னதில்லை. வரவு செலவு வாசிப்பார்கள். குப்பை ஏன் செவ்வாய்க்கிழமை எடுக்கவில்லை என்று ஒரு பாட்டி எழுந்து நின்று கேட்க, காப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அங்கே புதிதாகக் குடிபோகிறவர்கள் முதல் மாதத்திலேயே ஹாலுக்குப் போய்ப் பதிவேட்டில் பெயரைச் சேருங்கள், பிரச்சினை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த மீன் உருண்டைக்காரருக்காக ஆத்தேயும் இன்னும் இரண்டு பேரும் ஹாலுக்குக் கூடப் போனார்கள். அவர் அங்கேதான் குடியிருக்கிறார் என்று கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாவது பட்டியலில் அவர் பெயர் வந்தது.

2022-ல் ஊர் திரும்பும்போது கடைசியாக ஒரு சான்று வாங்கப் போனேன். செக்ரட்டரி பதிவேட்டைப் புரட்டி எங்கள் வீட்டுப் பக்கத்தை எடுத்தார். என் பெயரையும் கணவர் பெயரையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்தார். அத்தையின் பெயர் முன்பே அடிக்கப்பட்டிருந்தது, பக்கத்தில் அவர் விமானம் ஏறிய தேதியும் எழுதியிருந்தது. அந்த வீட்டுக்கு அடுத்து யார் வருகிறார்கள், குழந்தைகள் இருக்கிறார்களா, வயதானவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் என்றேன். கீழே இருந்த காலி வரியில் அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டார்.